வெறும் உறையா?

கேள்வி: டாக்கோ, புரிட்டோ, ஸ்பிரிங் ரோல் எதுவானாலும் ருசி உள்ளே இருக்கும் பண்டத்தில்தானே? வெறும் உறைக்கு ஏன் நாட்டுக்கு நாடு இத்தனை ஆர்ப்பாட்டம்?
– பெயர் கிழிந்துபோன வாசகர்

பதில்: 'வெறும்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. நான் பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பதிப்பாளர், வந்திருந்த பிரமுகரிடம் "இவர் வெறும் புரூஃப் பார்ப்பவர்" என்று என்னை அறிமுகம் செய்தார். அடுத்த புத்தகத்தை என்னிடம் காட்டாமலே அச்சுக்கு அனுப்பினார். அட்டையிலேயே அவர் பெயரில் எழுத்துப்பிழை. அன்று நான் அடைந்த ஆனந்தத்தை விவரித்தால் என்மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்ச மரியாதையும் போய்விடும்.

சரி, உறைக்கு வருவோம். கோதுமை மாவுக்கு இழுவை உண்டு, தட்டினால் விரியும். மக்காச்சோளத்துக்கு அது கிடையாது. மெக்சிகோக்காரர்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைத்தார்கள். மாவு பிடித்துக்கொண்டது, டாக்கோவுக்கும் புரிட்டோவுக்கும் உறையாகும் மெல்லிய ரொட்டி, டார்ட்டில்லா, வந்தது. தானியத்துக்குள் சிக்கிக் கிடந்த நியாசின் சத்தும் கூடவே உடம்பில் சேர்ந்தது. ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கப்பலேற்றினார்கள். 'வெறும்' சுண்ணாம்புதானே என்று நினைத்தார்களோ என்னவோ, அந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அதையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்கு, நியாசின் குறைந்தால் வரும் பெல்லக்ரா நோய் வந்தது.

வியட்நாமில் ஸ்பிரிங் ரோல் உறைக்காகக் கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, அரிசி மாவை மெல்லிசாக வார்த்து ஆவியில் வேகவிட்டு, மூங்கில் தட்டியில் காயவைக்கிறார்கள். காய்ந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தட்டியின் பின்னல் தெரியும். எத்தியோப்பியாவில் தோசை மாதிரி இருக்கும் இஞ்செராவோ தட்டும் அதுவே, கரண்டியும் அதுவே, சாப்பாடும் அதுவே. அங்கே போய் 'வெறும்' என்று சொல்லிப் பாருங்கள், குழம்பைத் தரையில்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

லவாஷ் என்ற மெல்லிய ரொட்டியை அர்மீனியா 2014-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது. 2016-இல் அசர்பைஜான், ஈரான், துருக்கி, கசகஸ்தான், கிர்கிஸ்தான் ஐந்தும் சேர்ந்து, லவாஷ் உட்பட மெல்லிய ரொட்டிகளுக்குத் தனிப் பதிவு வாங்கின. ஒரே லவாஷ், பட்டியலில் இரண்டு இடம்!

வழக்கும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், தன் வணிக வளாகத்தில் இன்னொரு சாண்ட்விச் கடை கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்த கடைக்காரர், புரிட்டோ கடை வருவதை எதிர்த்தார். 2006-இல் நீதிபதி சொன்னார்: சாண்ட்விச்சுக்கு ரொட்டித் துண்டு இரண்டு, புரிட்டோவுக்கு டார்ட்டில்லா ஒன்றே. கடைக்காரர் தோற்றார். 2024-இல் இண்டியானாவில் வேறொரு நீதிபதி, டாக்கோவும் புரிட்டோவும் மெக்சிகோ பாணி சாண்ட்விச்தான் என்று தீர்ப்பளித்தார். நான் முதல் நீதிபதி கட்சி. அவர்தான் உறையை எண்ணிப் பார்த்தவர்.

அப்புறம், உங்கள் கடிதம் உறை இல்லாமல், நாலாக மடித்து ஸ்டேப்ளர் அடித்து வந்தது. பிரிக்கும்போது ஓரம் கிழிந்து உங்கள் பெயர் போய்விட்டது.