இரண்டு கணினிக்கும் ஒரே கிளிப்போர்டு

கேள்வி: சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பப் பாரம் நிரப்புவது, திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் செய்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் விவரம் ஒரு கணினியில், அச்சு வேலை பக்கத்துக் கணினியில். ஒன்று விண்டோஸ் 10, மற்றது 11. இங்கே காப்பி செய்து அங்கே ஒட்ட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், சகோதரி. விண்டோஸிலேயே ஒரு வசதி 2018 அக்டோபரிலிருந்து இருக்கிறது. காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் இடம்தான் கிளிப்போர்டு. விண்டோஸ் விசையோடு 'வி'யை அழுத்தினால் வரும் கிளிப்போர்டு வரலாற்றை, ஒரே மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும் இரு கணினிகளும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அது இணையம் வழியாகப் போகிறது. உங்கள் கடையில் காப்பி ஆவதெல்லாம் மக்களின் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும்தானே! வேண்டாம். அந்த வரலாற்றில் கடைசி 25 காப்பிகள் வரை நிற்கும். அடுத்த வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வரலாற்றையும் அணைத்துவிடுங்கள்.

உங்களுக்குப் பொருத்தமானது மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற மென்பொருள். அதில் 'மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்' இருக்கிறது. இரண்டிலும் நிறுவி, ஒன்றில் 'நியூ கீ' அழுத்துங்கள். வரும் ரகசியக் குறியீட்டையும் அந்தக் கணினியின் பெயரையும் மற்றதில் கொடுத்து 'கனெக்ட்' செய்யுங்கள். 'ஷேர் கிளிப்போர்டு' ஆனில் இருக்கட்டும். அப்புறம் ஒரே மவுஸ் இரண்டு திரையிலும் ஓடும். இங்கே கன்ட்ரோல் சி, அங்கே கன்ட்ரோல் வி. கோப்பும் போகும், ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றுதான், 100 எம்பிக்குள். படங்கள் நிறைய இருந்தால் ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்புங்கள்.

இணையவில்லை என்றால் முதலில் வைஃபையைப் பாருங்கள். வாடிக்கையாளருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் கணினிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டும் கடையின் சொந்த வைஃபையில், விண்டோஸின் 'பிரைவேட்' நெட்வொர்க் அமைப்பில் இருக்க வேண்டும். அதன் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தமிழ் அச்சில் இன்னொரு சிக்கல் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா', ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழலாம். இணைப்பில் கோளாறு இல்லை. இப்படிச் சாதாரண உரையாக ஒட்டும்போது எழுத்தின் குறியீடு மட்டும்தான் வரும், எழுத்துரு கூடவே வராது. அதே எழுத்துருவை அங்கேயும் நிறுவி, ஒட்டிய வரியைத் தேர்ந்து அந்த எழுத்துருவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். புதிய வேலைகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடிலேயே அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.