கள்ளிச்செடி அனுப்பினால் கம்பெனி வருமா? அமேசான் இரண்டாம் தலைமையகம்: கேள்வி பதில்

2017 செப்டம்பரில், சியாட்டிலுக்கு இணையாக இரண்டாவது தலைமையகம் கட்டப்போவதாக அமேசான் அறிவித்தது. 238 ஊர்கள் விண்ணப்பித்தன. 2018 ஜனவரியில் அது 20 ஆகச் சுருங்கியது. நவம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டிக்கும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்கும் சரிபாதி என்றார்கள். 2019 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் கைநழுவியது. இந்தப் போட்டி பற்றி வந்த கேள்விகள் கீழே.

டல்லாஸ் தம்பி: அமேசான் கேட்டது என்ன? 50,000 வேலை என்பதைத் தாண்டி எந்தச் செய்தியிலும் விவரம் இல்லை.

பெருநகர வட்டாரத்தில் 10 லட்சம் பேருக்கு மேல் இருக்க வேண்டும். சர்வதேச விமான நிலையம் 45 நிமிடத்துக்குள், பெரிய நெடுஞ்சாலை ஓரிரு மைலுக்குள், ரயிலோ பஸ்ஸோ வாசலிலேயே. 2019-லேயே உட்கார 5 லட்சம் சதுர அடி, போகப்போக 80 லட்சம் சதுர அடி வரை. பதிலுக்கு 500 கோடி டாலர் முதலீடு, சராசரிச் சம்பளம் 1 லட்சம் டாலருக்கு மேல். விண்ணப்பிக்கக் கொடுத்த அவகாசம் ஆறு வாரம்.

கழுத்தைப் பிடிப்பது அந்த 5 லட்சம் சதுர அடிதான். ஒன்றரை இரண்டு வருடத்தில் புதிதாகக் கட்டி முடிக்க முடியாது. காலியாக நிற்கும் அலுவலகக் கட்டடம் கைவசம் இருக்க வேண்டும். வெறும் வயலைக் காட்டும் ஊருக்கு இது கஷ்டம்.

மீனாட்சி: டூசான் ஊர்க்காரர்கள் 21 அடிக் கள்ளிச்செடி அனுப்பினார்களே, அதற்குப் பலன் உண்டா?

பரிசு வாங்குவதில்லை என்று சொல்லி, அதை அரிசோனாவிலேயே ஒரு பாலைவன அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கன்சாஸ் சிட்டி மேயர் 1,000 பொருளுக்கு ஐந்து நட்சத்திர விமர்சனம் போட்டார். ஜார்ஜியாவின் ஸ்டோன்கிரெஸ்ட் 345 ஏக்கரைப் பிரித்து ‘அமேசான்’ என்றே ஊர்ப்பெயர் வைக்கத் தயாரானது. மூன்று ஊரும் 20 பேர் பட்டியலில் இல்லை.

புதுக்கோட்டை ராஜா: ஒரு நகராட்சி இப்படி விண்ணப்பம் தயாரிப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள் சார்.

முதலில் நிலம். வரைபடத்தில் வட்டம் போட்டால் போதாது. ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளர் யார், இன்ன விலைக்கு இத்தனை மாதம் வரை தருகிறேன் என்ற எழுத்து எங்கே என்று கேட்பார்கள். பத்து உரிமையாளர் இருந்தால் பத்தாவது ஆள் விலையை ஏற்றுவார். ஆர்லிங்டனின் கிரிஸ்டல் சிட்டியில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. ராணுவ அலுவலகங்கள் காலி செய்துவிட்டுப் போனதால் கட்டடமும் சும்மா கிடந்தது. பக்கத்து விமான நிலையத்துக்கு நடந்தே போகலாம். இப்படி ஓர் இடம் அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஆள். “எங்கள் ஊரில் நல்ல கல்லூரிகள் உண்டு” என்று எழுதாதீர்கள். இப்போது வேலையில் இருக்கும் மென்பொருள் ஆட்கள் எத்தனை பேர், வருடா வருடம் எத்தனை பேர் படித்து வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ஊரிலேயே தங்குகிறார்கள் என்று மூன்று எண்ணையும் தனித்தனியாகக் கொடுங்கள். மூன்றாவது எண்ணை மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். வர்ஜீனியா பணத்தோடு நிற்காமல், அலெக்ஸாண்ட்ரியாவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கு 100 கோடி டாலர் வளாகம் என்று சேர்த்துச் சொன்னது. கம்பெனி வராமலே போனாலும் அந்த வளாகம் ஊருக்கு மிஞ்சும்.

பிறகு பயண நேரம். காலை எட்டரை மணிக்கு எடுத்த நேரத்தைப் போடுங்கள், ராத்திரி பதினோரு மணி நேரத்தை அல்ல.

சலுகைத் தொகையைக் கடைசியில் எழுதுங்கள். என் பழைய பல்லவி ஒன்று உண்டு, இன்று பலமுறை வரும்: தொகை எவ்வளவு என்பதற்கு முன், பணம் எப்போது கைமாறும் என்று பாருங்கள்.

ஆனந்தி: எல்லாம் முன்பே முடிவான நாடகம் இல்லையா?

உள்ளே நடந்ததை வெளியில் இருந்து யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் போட்டியில் கலந்த ஒவ்வொரு ஊரும் தன் நிலவிலை, சாலைத் திட்டம், தரத் தயாராக இருந்த சலுகை எல்லாவற்றையும் அமேசானிடம் ஒப்படைத்தது. அது இனிக் கிடங்கு கட்டப் போகும்போதும் உதவும். முடிவு எதுவானாலும் அந்தத் தகவல் அவர்களுக்கு லாபம்தான்.

கணக்குப்பிள்ளை: நியூயார்க் 300 கோடி டாலரைத் தூக்கிக் கொடுக்க இருந்தது. அதில் சுரங்க ரயிலைச் சரி செய்திருக்கலாமே?

அந்தப் பணம் பெட்டியில் இல்லை. கம்பெனி வந்து, ஆள் எடுத்து, வரி கட்டத் தொடங்கிய பிறகு அந்த வரியில் விடும் கழிவு அது. வராவிட்டால் கழிவும் இல்லை, செலவழிக்கப் பணமும் இல்லை.

கணக்குப்பிள்ளை: தவறு. மாநிலம் சொன்ன 152.5 கோடியில் 32.5 கோடி நேரடி ரொக்க மானியம். மீதி 120 கோடி, கட்ட வேண்டிய வரியை மிஞ்சினால் மிச்சத்தைத் திருப்பித் தரும் வகை. பெட்டியிலிருந்துதானே எடுக்க வேண்டும்?

சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘வரிக்கழிவு’ என்று ஒரே சொல்லில் முடித்தது என் பிழை. ஆனால் அதுவும் ஆள் எடுத்த பிறகுதான், ஒரு வேலைக்கு 48,000 டாலர் கணக்கில், 25,000 வேலைக்கு. ரொக்க மானியமும் குடியேறிய சதுர அடிக்கு ஏற்ப, வருடக்கணக்கில். நகரம் தருவதில் பெரும்பங்கு, ஓர் ஊழியருக்கு வருடம் 3,000 டாலர் வீதம் 12 வருடம். பெருக்கினால் 90 கோடி. அது அமேசானுக்கென்று போட்டது இல்லை, தகுதி உள்ள எந்தக் கம்பெனியும் கேட்டு வாங்கலாம்.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் வர்ஜீனியா ஒரு வேலைக்கு 22,000 டாலரில் முடித்தது எப்படி? நியூயார்க் ஏமாந்துதானே இருக்கிறது?

இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. வர்ஜீனியா மாநிலத்தின் 55 கோடியும் வேலைக் கணக்கில்தான். ஆர்லிங்டன் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி) தன் பங்காக 15 வருடத்தில் 2.3 கோடி என்றது. அதுவும் ஹோட்டல் அறை வரி உயர்ந்தால், அந்த உயர்விலிருந்து மட்டும். உயராவிட்டால் ஒரு காசு இல்லை. அது போக மெட்ரோ வாசல், விமான நிலையத்துக்கு நடைபாலம் போன்றவற்றுக்கு 19.5 கோடி வரை. அது எல்லாருக்கும் பயன்படும்.

நியூயார்க் சறுக்கியது தொகையால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நகர மன்ற ஓட்டெடுப்பைச் சுற்றிப் போகும் மாநிலத் திட்ட வழியைப் பிடித்தார்கள். தடுக்க வாசல் இல்லாத உள்ளூர்க்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். பிறகு, திட்டத்தை எதிர்த்த மாநில செனட்டர் ஒருவரே, அதை முடக்கக்கூடிய மாநில வாரியத்துக்கு முன்மொழியப்பட்டார். ஓட்டெடுப்பைத் தவிர்த்தால் எதிர்ப்பு போய்விடாது, வேறு வாசல் வழியாக வரும்.

ராம், சிகாகோ: முன்கூட்டியே முடிவானதுதானே இது?

ஆனந்திக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

சுந்தரி: மேரிலாந்து 850 கோடி, நியூஜெர்சியின் நியூவார்க் 700 கோடி டாலர் தருகிறோம் என்றும் தோற்றது ஏன்?

ஆள்பலத்தையும் நிலத்தையும் பணத்தால் ஆறு வாரத்தில் உண்டாக்க முடியாது. 700 கோடிக்கு மயங்காமல் 57 கோடிக்கு ஒருவர் போகிறார் என்றால், அவருக்கு வேண்டியது வேறு. டொரோன்டோவோ நேரடிச் சலுகையே தராமல் 20-க்குள் வந்தது.

தேவா: கம்பெனி சொன்னபடி வேலை தராவிட்டால்?

விஸ்கான்சினில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையைப் பாருங்கள். தலைமையகம் இல்லை, ஆனால் பாடம் ஒன்றே. 2017-ல் 13,000 வேலை, சுமார் 300 கோடி டாலர் சலுகை என்றார்கள். 2021-ல் ஒப்பந்தம் 1,454 வேலை, 8 கோடி டாலர் என்று சுருங்கியது. வேலைக்கேற்ப என்று எழுதியதால் மாநிலக் கழிவு பெரிதாகப் போகவில்லை. ஆனால் நிலம் வாங்கவும் சாலை, தண்ணீருக்கும் முன்பணமாகக் கொட்டியது உள்ளாட்சி. பழைய பல்லவிதான்: பணம் எப்போது கைமாறுகிறது?

கார்த்திக்: ஹைதராபாத்தில் 15,000 பேர் உட்காரும் அமேசான் கட்டடம் இருக்கிறதே, அதுவும் இப்படி வந்ததா?

அது வளாகம், தலைமையகம் இல்லை. இந்த ஏலத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

நித்யா: விமானக் கம்பெனி போயிங்கின் தலைமையகம் மாறியதும் இப்படித்தானா?

2001-ல், போட்டியிட்ட டல்லாஸையும் டென்வரையும் ஒதுக்கிவிட்டுச் சிகாகோவுக்குப் போனது. சலுகைக் காலம் 20 வருடம். 2022-ல் தலைமையகத்தை ஆர்லிங்டனுக்கு மாற்றுவதாக அறிவித்தது. தேதிகளைக் கூட்டிப் பாருங்கள்.

மோகன்: சார், இதெல்லாம் நாடகம்தானே?

ஆனந்தி, ராம், இப்போது நீங்கள். மூன்றாவது முறை.

லதா: ஆர்லிங்டனில் இப்போது என்ன இருக்கிறது?

முதல் கட்டமான மெட் பார்க்கின் இரண்டு கோபுரங்கள் 2023-ல் திறந்தன. அதே வருடம் மார்ச்சில் அடுத்த கட்டமான பென்பிளேஸ் நிறுத்திவைக்கப்பட்டது. கட்டடம் நின்றாலும் கவுன்டியோ மாநிலமோ முன்பணம் இழந்து நிற்கவில்லை, வேலை வந்தால்தான் தொகை என்று எழுதியிருப்பதால்.