பத்தாயிரம் அட்டை வீணானதற்கு எம்.பி.ஏ. மருந்து இல்லை

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஓர் அம்மா, மகள் அடுத்து என்ன செய்யலாம் என்று ஆலோசனை கேட்க அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார், கூடவே பெண்ணின் தாய்மாமாவும். பெண்ணுக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டு, தானாகவே டிசைன் கற்றுக்கொண்டு ஓர் அச்சகத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தவள். மசாலாப்பொடி டப்பாவுக்கான அட்டையின் டிசைனில் தவறு நேர்ந்து 10,000 அட்டை வீணாகிவிட்டது. முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடவே இல்லையாம். "இந்த வேலை இவளுக்கு ராசியில்லை சார், எம்.பி.ஏ.வில் சேர்த்துடலாம், ஆறு லட்சம்தான், லோன் போட்டுக்கலாம்" என்கிறார் மாமா.

கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் அந்த அட்டையைக் கேட்டேன். ஒன்றைப் பத்திரமாகப் பையில் வைத்திருந்தாள், அதுவே எனக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் முகவரி; ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டியிருந்தது. கறுப்பு மை ஒன்றில் மட்டும் வர வேண்டிய எழுத்தை அச்சில் பயன்படும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறமும் கலந்த கறுப்பாக விட்டிருக்கிறாள். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புதான். மெஷினில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளேட், அதாவது அச்சுத் தகடு; அதில் ஒன்று மயிரிழை விலகினாலும் பொடி எழுத்து கலங்கிவிடும். அம்மா, இதில் ராசி எங்கே வந்தது? யாரும் அவளுக்குச் சொல்லித்தராத பாடம் இது. அந்த ஃபைலை பிளேட்டுக்கு அனுப்புமுன் பார்த்திருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்களும்தான், ஆனால் சம்பளம் பிடித்தது இவளிடம் மட்டும்.

எம்.பி.ஏ. வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன். ஆறு லட்சத்தை 11 சதவீத வட்டியில் வாங்கி ஐந்து வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை 13,000 ரூபாய்க்கு மேல் வரும். பெண் கேட்காத படிப்புக்கு, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக, அந்தக் கடனை அவள் தலையில் கட்டாதீர்கள். மாமாவுக்கு அக்கறை இருக்கிறது, மறுக்கவில்லை. தவணை கட்டப்போவது அவர் இல்லையே.

செயலி வடிவமைப்பு, அனிமேஷன், சோஷியல் மீடியா போஸ்டர் பற்றியெல்லாம் சொல்ல ஊரே இருக்கிறது. இவளுக்கு நான் சொல்வது பேக்கேஜிங், அதிலும் அச்சுக்கு முந்தைய வேலை. பக்கத்திலேயே சிவகாசி இருந்தும் நம் பிள்ளைகள் இதை ஒரு தொழிலாகவே நினைப்பதில்லை. ஒரு டப்பாவைப் பிரித்து விரித்துப் பாருங்கள். எங்கே வெட்டு, எங்கே மடிப்பு, எந்த மடலில் பசை என்று கோடு போட்டுக்கொண்டுதான் வேலையே தொடங்கும். பசை படும் இடத்தில் மை இருந்தால் ஒட்டாது. வெட்டுக்கு வெளியே 3 மி.மீ. நிறம் நீளாவிட்டால் ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும். பார்கோடைச் சிவப்பில் போட்டால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் கடைகளில் இருக்கும் ஸ்கேனர் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிப்பதால் அதற்குக் கோடே தெரியாது. உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உரிம எண், சைவமானால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, நிகர எடை, விலை, தேதி என்று சட்டம் கேட்பவை எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்க வேண்டும். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பையில் அச்சடிக்கும்போது பின்னால் வெள்ளை மை ஓர் அடுக்கு கொடுக்காவிட்டால் நிறமெல்லாம் செத்துப்போகும். அதிக எண்ணிக்கையில் பை அடிக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அச்சு உருளை செதுக்குவார்கள்; செதுக்கிய பிறகு பிழை தெரிந்தால் அந்த உருளையே போச்சு. அதனால்தான் முன்கூட்டியே பிழை பிடிக்கும் கண்ணுக்கு இந்தத் தொழிலில் மதிப்பு. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, தமிழ் எழுத்து. மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைப் போடாமல் விட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாதவர் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிக் கல்லூரியில் அச்சு, பேக்கேஜிங் தொழில்நுட்பத்துக்கென்றே பி.இ. இருக்கிறது, பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் கவனிக்கலாம். இவள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள், இனிமேல் அச்சகத்தில்தான் கற்க வேண்டும். வீட்டில் பழகுவதற்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இலவசம், நான்கு நிற அச்சுக்கான பி.டி.எஃப். அதிலேயே எடுக்கலாம். புது லேப்டாப் இப்போது வாங்க வேண்டாம்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும்மா. அந்தப் பிழையை மறைக்காதே. வேலை கேட்டுப் போகும்போது அந்த அட்டையையும், அதே அட்டையைச் சரியாகச் செய்த ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. நூறு போஸ்டர் காட்டுவதைவிட அச்சகத்துக்காரருக்கு அது புரியும். சேருமுன் ஒன்று பேசிக்கொள்: பிளேட்டுக்குப் போகும் ஒவ்வொரு ஃபைலிலும் வாடிக்கையாளர் கையெழுத்து வேண்டும், அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் சேராதே.

அம்மா, ஆறு மாதம் அவளை விடுங்கள். லோன் படிவத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த வாரம் உங்கள் சமையலறையில் காலியாகும் டப்பாக்களைக் குப்பையில் போடாமல் அவளிடம் கொடுங்கள். பத்து டப்பாவைப் பிரித்து, அளந்து, கோடு போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த முறை அவள் மட்டும் வரட்டும்.