அங்கி போடாத பிரசிடென்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பேரன் அமெரிக்காவில் சேசு சபையினரின் கல்லூரி ஒன்றில் படிக்கிறான். புது பிரசிடென்ட் வருகிறாராம், அவர் குருவானவர் இல்லை, மனைவி பிள்ளைகளோடு இருப்பவர் என்கிறான். சாமியார்கள் கட்டி வளர்த்த கல்லூரியில் இது எப்படி நடக்கும்?
(வாசகர், பாளையங்கோட்டை)

பேரன் சொன்னது சரிதான் ஐயா. அங்கே இது பழைய செய்தி. 1789-ல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு 2001-ல் ஜான் டிஜோயா தலைவரானார். அமெரிக்காவில் சேசு சபைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தலைவரான முதல் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர், அவர்தான். அதற்கப்புறம் அந்தக் கதவு சாத்தப்படவே இல்லை. 2022-ல் நியூயார்க் ஃபோர்டாமுக்கு டானியா டெட்லோ வந்தபோது, 1841-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு அவர் முதல் பொதுநிலைத் தலைவர், முதல் பெண் தலைவரும் கூட. (அவருடைய அப்பா ஒரு காலத்தில் சேசு சபைக் குருவாக இருந்தவர் என்பது தனி சுவாரசியம்.)

இதற்கெல்லாம் வேர் 1967-ல் இருக்கிறது. அதுவரை கல்லூரி சபையின் சொத்து, தலைவர் சபை அனுப்பும் ஆள். மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், சாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார், நேர்காணல் விண்ணப்பம் என்ற பேச்சே கிடையாது. அந்த வருஷம் திருச்சிலுவை சபை என்ற வேறொரு துறவற சபையின் நோட்ர டாம் பல்கலைக்கழகமும், சேசு சபையின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகமும் நிர்வாகத்தைப் பொதுநிலையினர் பெரும்பான்மையாக உள்ள அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தன, மற்றவையும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. ஆக, தலைவரை நியமிக்கும் கை சபையிடமிருந்து குழுவுக்கு மாறி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது, அங்கி மறைந்தது மட்டும்தான் இப்போது நம் கண்ணில் படுகிறது.

அப்புறம், ஆளும் இல்லை. 1970-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 59 ஆயிரம் குருக்கள் இருந்தார்கள், இன்று 35 ஆயிரத்துக்கும் கீழே. அருட்சகோதரிகள் நிலை இன்னும் மோசம், 1965-ல் ஒரு லட்சத்து எண்பதாயிரம் அளவில் இருந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். முனைவர் பட்டமும் வேண்டும், ஆயிரம் கோடி ரூபாய்க் கணக்கும் பார்க்கத் தெரிய வேண்டும், சபை உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் தேறுவார்கள், சொல்லுங்கள்.

கேள்வி: சரி, குழு எப்படித்தான் ஆளைப் பிடிக்கிறது? நம் ஊர் போலச் சிபாரிசா?
(வாசகி, கும்பகோணம்)

சிபாரிசுக்கும் அங்கே இடம் உண்டு, பெயர்தான் வேறு, 'பரிந்துரை' என்பார்கள். அறங்காவலர் குழு முதலில் ஒரு தேடல் குழுவைப் போடும். அதில் அறங்காவலர்கள், பேராசிரியர்கள், சபையிலிருந்து ஒருவர் இருவர், பழைய மாணவர்கள், பெரும்பாலும் ஒரு மாணவரும் இருப்பார்கள். கூடவே ஆள்தேடித் தரும் ஒரு நிறுவனத்தைக் காசு கொடுத்து அமர்த்துவார்கள். அந்த நிறுவனத்து ஆட்கள் வளாகத்துக்கு வந்து எல்லோரிடமும் 'உங்களுக்கு எப்படிப்பட்ட தலைவர் வேண்டும்' என்று கேட்டு, பளபளப்பான ஓர் அறிக்கை தயாரிப்பார்கள். அதைப் படித்தால் சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே விண்ணப்பம் போட்டாலும் நிதி திரட்டிய அனுபவம் போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தோன்றும்.

அதன்பிறகு எல்லாம் ரகசியம். எட்டுப் பத்துப் பேரைப் பொறுக்கி, பல நேரம் கல்லூரிப் பக்கமே கூப்பிடாமல் ஏதாவது ஒரு விமான நிலைய ஹோட்டலில் அறை எடுத்து, ஒருவர் இன்னொருவர் கண்ணில் படாதபடி நேரம் பிரித்துக் கொடுத்துப் பேசுவார்கள். காரணம் எளிது: வருகிறவர் வேறு கல்லூரியில் பதவியில் இருப்பவர், இங்கே வந்து பார்த்தது தெரிந்தால் அங்கே அவருக்கு மரியாதை போய்விடும். கடைசி இரண்டு மூன்று பேரையாவது வளாகத்துக்கு வரவழைத்து எல்லோர் முன்னும் பேச வைக்க வேண்டும் என்று பேராசிரியர்கள் சண்டை போடுவார்கள், பெரும்பாலும் தோற்பார்கள். என்னைக் கேட்டால் பேராசிரியர்கள் பக்கம்தான் நியாயம். வகுப்பறைக்குள் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டாத ஆளை அடுத்த பத்து வருஷத்துக்குத் தலைமேல் வைப்பது என்ன கணக்கு?

கேள்வி: அப்படியானால் குருவானவர்களே இனி தலைவராக மாட்டார்களா?
(வாசகர், திண்டுக்கல்)

ஆவார்கள், ஆகிறார்கள். நோட்ர டாமில் குழுவிடம் அதிகாரத்தைக் கொடுத்தபோதே தலைவர் திருச்சிலுவை சபைக் குருவாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அறங்காவலர் குழுவுக்கும் மேலே பன்னிரண்டு பேர் கொண்ட ஓர் அவை உண்டு, ஆறு பேர் அந்தச் சபைக் குருக்கள், ஆறு பேர் பொதுநிலையினர். இந்த ஏற்பாட்டைச் செய்த ஹெஸ்பர்க் 1952 முதல் 1987 வரை 35 வருஷம் தலைவராக இருந்த கில்லாடி, விட்டுக்கொடுத்த மாதிரியும் இருக்கும், விடாத மாதிரியும் இருக்கும்.

வித்தியாசத்தைப் பாருங்கள். நோட்ர டாமில் அப்போதைய தலைவர் ஜென்கின்ஸ் விலகப்போவதாக 2023 அக்டோபரில் அறிவித்தார், டிசம்பர் தொடக்கத்திலேயே ராபர்ட் டவ்ட் என்ற அதே சபைக் குருவைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள். ஜார்ஜ்டவுனில் டிஜோயா பக்கவாதம் வந்து 2024 நவம்பரில் விலகினார், அடுத்தவர் எடுவார்டோ பென்யால்வர் என்று சொல்ல அடுத்த அக்டோபர் ஆகிவிட்டது. சின்னக் குளத்தில் மீன் பிடிப்பது சீக்கிரம் முடியும். ஆனால் அந்தக் குளம் வற்றினால் நோட்ர டாம் என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பதில் அந்த விதியில் இல்லை, அதைத் திருத்துவதைத் தவிர.

அதனால்தான் சொல்கிறேன், அங்கியா கோட்டா என்று பார்ப்பதைவிட, நியமிக்கும் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை. முதலீட்டு நிறுவனத்துக்காரர்களே நிறைந்த குழு குருவைத் தேர்ந்தெடுத்தாலும் நிதி திரட்டும் குருவாகப் பார்த்துத்தான் எடுக்கும்.

கேள்வி: ஆயர் சம்மதம் வேண்டாமா?
(வாசகர், தூத்துக்குடி)

பெரும்பாலான இடங்களில் நியமிக்கும் அதிகாரம் ஆயருக்குக் கிடையாது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் விதிவிலக்கு, அது ஆயர்களே நிறுவியது, வாஷிங்டன் பேராயர்தான் அதன் வேந்தர். மற்ற இடங்களில் உறவு நல்லபடி இருந்தால் ஆயர் பதவியேற்புத் திருப்பலிக்கு வருவார், இல்லையென்றால் வரமாட்டார், அவ்வளவுதான். 2009-ல் நோட்ர டாம் பட்டமளிப்புக்கு ஒபாமாவை அழைத்தபோது, கருக்கலைப்பு பற்றிய அவருடைய நிலைப்பாட்டுக்காக உள்ளூர் ஆயர் டார்சி விழாவுக்கே போகவில்லை. ஆனாலும் அழைத்த ஜென்கின்ஸ் அதன்பிறகு 15 வருஷம் தலைவராகவே இருந்தார்.

கேள்வி: தலைவர் கத்தோலிக்கராகத்தான் இருக்க வேண்டுமா?
(வாசகி, சென்னை)

'இருக்க வேண்டும்' என்றுதான் அமெரிக்க ஆயர்களின் விதிமுறை சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-ல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென வெளியிட்ட சட்டத்தை வைத்து எழுதப்பட்ட அந்த விதிமுறை 2001-ல் அமலுக்கு வந்தது. பதவியேற்கும்போது விசுவாச அறிக்கையும் உறுதிமொழியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள், ஆயரிடம் போலீஸ் இல்லை.

கேள்வி: நம் ஊரிலும் இப்படிக் குழு, தேடல் என்று வந்துவிடுமா?
(கல்லூரி ஆசிரியர், திருச்சி)

உடனே வராது சார். நம் ஊரில் சபையின் மாநிலத் தலைவர் கைதான் இன்னும் ஓங்கியிருக்கிறது, அரசியல் சட்டம் 30-வது பிரிவு சிறுபான்மை நிறுவனங்களுக்கு நிர்வாக உரிமை கொடுத்திருக்கிறது. முதல்வரைத் தேர்ந்தெடுப்பது அந்த உரிமையில் முக்கியமான பகுதி, தகுதி இருந்தால் போதும், பணிமூப்பு பார்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு கேரளக் கல்லூரி வழக்கில் சொல்லியிருக்கிறது. 25 வருஷம் பாடம் நடத்தியவருக்கு இது வலிக்கத்தான் செய்யும், புரிகிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிடுங்கள், வக்கீல் ஃபீஸ் மிஞ்சும்.

கேள்வி: என் தம்பி மகளுக்கு அங்கே ஒரு சின்னக் கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. புதுத் தலைவர் வந்திருக்கிறார், நம்பிச் சேர்க்கலாமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

தலைவரைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். பிலடெல்ஃபியா பக்கம் கேப்ரினி பல்கலைக்கழகமும் நியூயார்க் மாநிலத்தில் செயின்ட் ரோஸ் கல்லூரியும் 2024-ல் மூடப்பட்டன, இரண்டுமே அருட்சகோதரிகள் ஆரம்பித்தவை. இப்படிப்பட்ட இடங்களுக்குப் புதிதாக வரும் தலைவர் பல நேரம் கல்லூரியைக் காப்பாற்றவோ, இன்னொன்றோடு இணைக்கவோ வருகிறார். கடந்த ஐந்து வருஷத்தில் மாணவர் எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா, தர அங்கீகாரம் தரும் அமைப்பு எச்சரிக்கை ஏதும் விட்டிருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் முன்பணம் கட்டாமல் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.