கூட வளர்ந்தவனும் மூன்று கை தண்ணீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில், ஒஹாயோவின் கொலம்பஸில் இருக்கிறேன். அம்மா போனதிலிருந்து இரவில் தூக்கம் இல்லை. மின்சாரம், போன் இல்லாமல் பழைய முறையில் வாழ்கிற ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சபையினரைப் பற்றிய காதல் நாவல் ஒன்றை நூலகத்தில் எடுத்தேன், இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் ஒரே கதைதான். சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள், அவன் ஊரைவிட்டுப் போகிறான், மனம் மாறித் திரும்புகிறான், கல்யாணம். உங்களைப் படிக்கிறவள் இதையும் படிப்பது வெட்கமாக இருக்கிறது. ஊரைவிட்டுப் போனவனை ஒதுக்கிவைக்கிற அவர்களின் கொடுமையும் உறுத்துகிறது. நாமும் மின்சாரம், போன் இல்லாமல் வாழ்ந்தால் நிம்மதி வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா இல்லாத வீட்டில் இரவு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். கைக்குக் கிடைத்ததைப் படியுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள், என்னிடமும்தான். மின்சாரம், போன் பேச்சை விடுங்கள். அது ஒரு சபையே கூடி எடுக்கிற முடிவு, தனி ஆள் ஸ்விட்சை அணைத்தால் வருவதில்லை.

ஆனால் அந்தக் 'கொடுமை' வரிக்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். முப்பது நாவல் படித்த பிறகும் இது தெரியாமல் இருக்கலாமா? ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன் ஊரைவிட்டுப் போகிறவனை ஆமிஷ் சபை ஒதுக்கிவைப்பதில்லை. பெற்றோர் அழுவார்கள், ஆனாலும் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு இடம் உண்டு. விலக்கு என்பது, வளர்ந்த பிறகு சபை முன் முழங்காலிட்டு வாக்குக் கொடுத்துவிட்டு அதை முறித்தவனுக்கு. பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது செல்லாது, அறிந்துதான் வர வேண்டும் என்று சொன்னவர்களின் வழி வந்தவர்கள் இவர்கள். அதற்காகத்தான் 1527இல் சூரிச்சில் அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். வாக்கை முறித்தவனோடு எவ்வளவு தள்ளி இருப்பது என்ற சண்டையில்தான் 1693இல் சபை மூப்பர் யாக்கோப் அம்மான் பக்கம் நின்றவர்கள் பிரிந்தார்கள், ஆமிஷ் என்ற பெயரே அப்படி வந்தது.

ஞானஸ்நானம் இல்லாமல் அவர்களிடம் கல்யாணமும் இல்லை. அப்படியென்றால் கூட வளர்ந்த பையனின் முன்னால் இருக்கிற பெரிய கேள்வி இவளா வேறொருத்தியா என்பது இல்லை, முழங்காலிடுவதா வேண்டாமா என்பதுதான். அந்த நாளில் பிஷப் அவன் தலைமேல் இரு கைகளையும் குவித்து வைத்திருப்பார், சபை உதவியாளரான டீக்கன் சின்னக் கிண்ணத்திலிருந்து அதில் தண்ணீர் ஊற்றுவார், மூன்று முறை. வாக்குக் கொடுத்து முறிப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று முன்கூட்டியே எச்சரித்தும்விடுவார்கள். இவளுக்காக அவன் முழங்காலிட்டால் அந்த வாக்கே பொய், அவனுக்காக இவள் காத்திருந்தாலும் 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எவ்வளவு பெரிய கதை இது! பெவர்லி லூயிஸின் 'தி ஷன்னிங்' 1997இல் வந்து விற்றுத் தீர்ந்த பிறகு இந்த வகை நாவல்கள் பெருகின, எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் வெளியிலிருந்து பார்க்கிற கிறிஸ்தவப் பெண்கள். நான் படித்தவற்றில் இந்த இடம் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது, முத்தத்துக்கு மட்டும் ஒரு அத்தியாயம் கிடைக்கிறது. எனக்கு ஆறாத வருத்தம் இது.

பத்து வருடத்துக்கு முன் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் ஒரு பண்ணை வாசலில் பூசணி வாங்க நின்றேன். மேஜைக்குப் பின்னால் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, கூட அடுத்த பண்ணைப் பையன், இரண்டு பேரும் வெறுங்கால். அந்தப் பெண்களின் உடுப்பில் குண்டூசிதான் குத்தியிருக்கும். அவளுடைய ஊசி ஒன்று கழன்று சரளைக்கல்லில் விழுந்தது. அவன் ஒன்றும் பேசாமல் குனிந்து தேடினான். கிடைத்ததும் கால்சட்டையில் இரண்டு தரம் தேய்த்துத் துடைத்து, கூர்முனையைத் தன் பக்கம் வைத்து அவளிடம் நீட்டினான். எட்டு வகுப்புக்கும் ஒரே அறை என்கிற பள்ளியில் இருவரும் ஒன்றாகப் படிக்கிறார்கள் என்று அங்கிருந்த ஒரு பாட்டி சொன்னார். எட்டாவதோடு படிப்பு முடியும், 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. பதினாறு வயதானால் ஞாயிறு மாலைப் பாட்டுக்கூட்டம், அது முடிந்து திறந்த வண்டியில் வீட்டுக்கு. இப்போது அவர்களுக்குப் பதினெட்டு இருக்கும். அவன் முழங்காலிட்டானா, அவள் இட்டாளா என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சரி, உங்கள் ஊரிலிருந்து, ஆமிஷ் மக்கள் நிறைய வாழ்கிற ஹோம்ஸ் கவுண்டி காரில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். அறைக்குள்ளேயே இருக்காமல் ஒரு நாள் போய்வாருங்கள். யாரையும் படம் எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடை திறந்திருக்காது.