எர்ணாவூர் காலி மனைக்கு கனடாவில் என்ன விலை எழுதுவது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். கனடாவுக்குக் குடிவந்து சில மாதம் ஆகிறது. வடசென்னை எர்ணாவூரில் கடல் பக்கமாக ஒரு கிரவுண்ட் காலி மனை உங்கள் பெயரில் இருக்கிறது. அம்மா 1994இல் வாங்கி, 2019இல் உங்களுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது. வந்து இறங்கிய நாளில் அதன் மதிப்பு என்ன என்று குறித்து வைக்கச் சொல்கிறார்கள். புரோக்கர் ஒரு விலை சொல்கிறார், மாமா ஒரு விலை சொல்கிறார், பதிவுத்துறை இணையதளம் வேறொன்று காட்டுகிறது. எதை எழுதுவது, எழுதாமல் விட்டால்தான் என்ன?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எழுதாமல் விட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. விற்கும்போதுதான் சிக்கல். கனடாவில் நீங்கள் வரிக்குரிய குடியிருப்பாளர் ஆன அன்று, அந்த மனையை அன்றைய சந்தை விலைக்குப் புதிதாக வாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அம்மா 1994இல் கொடுத்த விலை இங்கே கணக்கில் வராது. பிறகு எப்போது விற்றாலும், இறங்கிய நாள் விலைக்கு மேல் ஏறியதுதான் லாபம். அதில் பாதி உங்கள் வருமானத்தோடு சேரும். ஆகவே அந்த ஒரு நாளின் விலையைக் குறைத்து எழுதினால் உங்களுக்குத்தான் நஷ்டம். கூட்டி எழுதினால், கனடா வரித்துறையான சி.ஆர்.ஏ. ஆதாரம் கேட்கும் நாளில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள சொத்துகளின் மொத்த அடக்க விலை (இந்த மனைக்கு அது இறங்கிய நாள் விலைதான்) ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவம் நிரப்ப வேண்டும். வந்த முதல் வரி ஆண்டுக்கு அது வேண்டாம், அடுத்த ஆண்டிலிருந்து உண்டு. ஒரு லட்சம் டாலர் என்பது நம் கணக்கில் அறுபது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஊரில் போட்டு வைத்திருக்கும் எப்.டி., ஷேர் எல்லாவற்றையும் இதோடு கூட்டிப் பார்க்க வேண்டும். நாம் போனால் தங்குகிற சொந்த வீட்டுக்கு விலக்கு கிடைக்கும். புல் முளைத்துக் கிடக்கிற காலி மனைக்கு அந்த வாதம் எடுபடாது. தாமதித்தால் நாளுக்கு 25 டாலர், அதிகபட்சம் 2,500 டாலர் வரை அபராதம். வரி பாக்கி ஒரு சல்லிக்காசு இல்லாவிட்டாலும் இந்த அபராதம் உண்டு.

சரி, விலைக்கு வருவோம். இணையதளத்தில் நீங்கள் பார்த்தது வழிகாட்டி மதிப்பு. அது முத்திரைத்தாள் வசூலுக்காக அரசு வைத்த அடிமட்ட விலை. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023இல் திரும்ப ஏற்றினார்கள். குறைத்த அன்று காலையில் எர்ணாவூரில் யாரும் மனையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்கவில்லையே! தெருவுக்கு ஒரு விலை போட்டிருப்பதால் தெருவின் கிழக்குக் கோடியும் மேற்குக் கோடியும் அதற்கு ஒன்றுதான். கடல் பக்கத்து மனையில் அந்த இரண்டு கோடிக்கும் நடுவில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது.

தென்சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் “கடலோரம் என்றால் கோடிக்கணக்கில் போகுமே” என்பார்கள். நீலாங்கரைக் கணக்கை வைத்துக்கொண்டு எண்ணூர் விரைவு சாலையை அளக்கக் கூடாது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதை மறித்ததால் மெரினாவில் மணல் குவிந்தது, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. பாறாங்கல் கொட்டியும், கடலுக்குள் கல்தடுப்புகள் நீட்டியும்தான் பல இடங்களில் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நான் திருவொற்றியூரில் வளர்ந்தவள். பெரியவர்கள் “அங்கே ஒரு தெரு இருந்தது” என்று தண்ணீரைக் கைகாட்டுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். வாங்க வருகிறவருக்கும் இது தெரியும்.

கடலைவிடப் பெரிய விஷயம் சி.ஆர்.இசட்., அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991இல் முதல் அறிவிக்கை வந்தது, பிறகு 2011இல், 2019இல் மாற்றினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறுகிற உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை அதன் கைக்குள் வரும். உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற ஆறு, கழிமுகம், கால்வாய் ஆகியவற்றின் கரைகளுக்கும் அது பொருந்தும். எர்ணாவூரில் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே போனால் கொசஸ்தலையாற்று முகத்துவாரம். ஆகவே கடல், கால்வாய் என்று இரண்டு பக்கத்து எல்லையையும் விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே வீடுகள் நிறைந்த நகரப் பகுதியில் பொதுவான விதி என்னவென்றால், முன்பே இருக்கிற சாலைக்கு, அல்லது முறையாக அனுமதி பெற்ற கட்டடத்துக்கு, நிலப்பக்கமாக மனை இருந்தால் கட்டலாம்; கடல்பக்கமாக இருந்தால் முடியாது. எனவே முதல் கேள்வி, உங்கள் மனை அந்தச் சாலைக்கு மேற்கா கிழக்கா? கட்ட முடியாத மனையைப் பக்கத்து மனை விலையோடு ஒப்பிடவே கூடாது. சந்தேகமாக இருந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் சர்வே எண்ணை அலைக்கோட்டு வரைபடத்தில் ஏற்றித் தரும். காசு ஆகும், ஆனால் விற்கும் நாளில் வாங்குபவர் கேட்கப்போவதும் அதைத்தான்.

அடுத்து, பத்திரம். 1994 பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும். நடுவில் அந்தப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய், 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய சர்வே எண்ணும் இப்போதைய டவுன் சர்வே எண்ணும் வேறாக இருக்கலாம், பட்டா இன்னும் அம்மா பெயரிலேயே இருக்கலாம். அம்மா வாங்கியது அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டா என்று பாருங்கள். அப்படியென்றால், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் அதைச் சேர்த்தார்களா என்று தெரிய வேண்டும். சேர்க்காத மனைக்கு கட்டட அனுமதி கிடைக்காது, பதிவு செய்வதும் இழுபறி. இதெல்லாம் விலைக்குள் அடங்கியதுதான்.

இப்போது சந்தை விலையை எப்படிப் பிடிப்பது? புரோக்கர் சொல்வது கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. விற்ற விலை வில்லங்கச் சான்றில் (ஈசி) இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் அக்கம்பக்கத்து சர்வே எண்களுக்கு ஈசி போட்டுப் பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசு இல்லை. ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பத்திரத்தில் எழுதிய விலை; இரண்டாவது பெயருக்குத்தான் சந்தை மதிப்பு, வழிகாட்டி மதிப்பை வைத்துப் போட்ட கணக்கு. இரண்டும் ஒன்றாகவே இருந்தால், வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துவிட்டு மீதியைக் கையில் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவைத் தள்ளிவிடுங்கள். வங்கிக் கடனில் வாங்கிய மனைகளுக்கு, கிரயத்தை ஒட்டியே அடமானப் பத்திரமும் இருக்கும். அவற்றில் உண்மை விலை பெரும்பாலும் வெளியே வரும். நான் தேடுவது அவற்றைத்தான். நீங்கள் இறங்கிய நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வருடத்துக்குள் நடந்ததாக நாலைந்து கிடைத்தால் போதும்.

கிடைத்ததை அப்படியே எடுக்கக் கூடாது, உங்கள் மனைக்குப் பொருந்துமாறு திருத்த வேண்டும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், எண்கள் எல்லாம் கணக்குக் காட்டத்தான். முப்பதடி ரோட்டில் உள்ள மனை சதுர அடி 5,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. உங்களுடையது குறுகிய தெரு, லாரி திரும்பாது. பத்து சதவீதம் கழித்தால் 4,500. சி.ஆர்.இசட். அனுமதிக்கு அலைய வேண்டும் என்பதற்காகப் பதினைந்து சதவீதம் கழித்தால் 3,825. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஆக 91 லட்சத்து 80 ஆயிரம். வழிகாட்டி மதிப்பு 3,000 என்றால் 72 லட்சம்தான் வரும். நாளைக்கு ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு விற்றீர்கள் என்றால், முதல் கணக்கில் லாபம் 18 லட்சம் சொச்சம், இரண்டாவதில் 38 லட்சம். வழிகாட்டி மதிப்பு பாதுகாப்பானது என்று நினைத்து அதை எழுதி வைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். கழிக்க வேண்டியது மட்டும் இல்லை, கூட்ட வேண்டியதும் உண்டு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு நடை தூரத்தில் இருக்கும் மனைகளுக்கு மவுசு வேறு. அதே சமயம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. இரண்டுமே வாங்குபவர் பேரம் பேசும்போது எடுத்து வைக்கிற விஷயங்கள். எண்ணூர் பக்கம் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு எடுத்து வைப்பார்கள்.

இந்த வேலையை நீங்களே செய்து பார்த்து ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் போங்கள். சும்மா போனால் அவர் வழிகாட்டி மதிப்போடு கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தந்துவிடுவார். அறிக்கையில் இன்றைய தேதி இருக்கட்டும். மதிப்பு மட்டும் இறங்கிய நாளுக்கு உரியது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒப்பிட்ட பத்திர எண்கள், எல்லைக் கற்களின் படம், எப்.எம்.பி. ஸ்கெட்ச் (சர்வே துறையின் நில அளவு வரைபடம்) மூன்றும் உள்ளே இருக்க வேண்டும்.

அவரிடமே இன்னொரு தேதிக்கும் மதிப்பு வாங்கிக்கொள்ளுங்கள்: 2001 ஏப்ரல் 1. இந்தியாவில் வரிக்கணக்கு வேறு. செட்டில்மென்டில் வந்த சொத்து என்பதால் அங்கே அம்மாவின் விலைதான் உங்கள் விலை. 2001க்கு முன் வாங்கியது ஆகையால், விரும்பினால் அதற்குப் பதிலாக அந்த நாளின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய முத்திரைத்தாள் மதிப்பை, அதாவது அன்றைய வழிகாட்டி மதிப்பை, தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன லாபத்துக்கு 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அங்கே வாழ்பவர்களுக்குப் பழைய மனைகளில் 20 சதவீதம் என்ற பழைய முறையையும் தேர்ந்தெடுக்க விட்டார்கள், நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கிடைக்கும். வாங்குபவர் உங்கள் பணத்திலிருந்து டி.டி.எஸ். என்ற முன்வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியிருப்பதால், வெளிநாட்டுக்காரர் மனை என்றாலே சிலர் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். குறைந்த பிடித்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்தால் அந்தப் பேச்சு அடங்கும்.

கடைசியாக ஒன்று. ரூபாய் மதிப்பை டாலராக்குவது, நீங்கள் இறங்கிய நாளில் பேங்க் ஆஃப் கனடா வெளியிட்ட விகிதத்தில். அந்தப் பக்கத்தை இன்றே எடுத்து மதிப்பீட்டு அறிக்கையோடு வையுங்கள். விற்கிற நாளில் அன்றைய விகிதம் வரும். ரூபாய் இறங்கியிருந்தால், ஊரில் லாபம் என்று தெரிவது இங்கே பாதியாகக்கூடக் குறையலாம். அதற்குள் மாமாவை அனுப்பி மனையைச் சுற்றிக் கம்பி வேலி போடச் சொல்லுங்கள். குடிசை ஒன்று முளைத்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது.