வள்ளம் இருக்கிறது, வீடு இல்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தம்பி, எனக்கு வயது 54. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் 9 வருடமாகத் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போன கிழமை வாசலில் நின்று, மகனுக்குக் கலியாணம், ஜூலை முடிய இடத்தை விடுங்கோ என்று சொல்லிவிட்டார். வேலை செய்யும் கிடங்கில் மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள், இப்போதைய வாடகைகள் எனக்குக் கட்டுப்படியாகாது. நான் குருநகரில் மாமாவின் வள்ளத்தில் வளர்ந்தவன். போன வருடம் பழைய 16 அடிக் கனூ (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய வள்ளம்) ஒன்று வாங்கி மச்சானின் கராஜில் வைத்திருக்கிறேன். வீடும் போகிறது, வேலையும் அரைவாசி, இதுதான் நேரம் என்று ஓகஸ்டில் கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூக்கோன் ஆற்றில் வைற்ஹோர்ஸிலிருந்து டோசன் சிற்றி வரை தனியாகப் போக யோசிக்கிறேன். வீட்டு விஷயத்தைத் திரும்பி வந்து பார்க்கலாம். கையில் 4,200 டொலர் இருக்கிறது. சர்க்கரைக்குக் குளிசை எடுக்கிறேன். தங்கச்சி விசர் என்கிறாள். என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? மழுப்பாமல் சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: அண்ணை, தங்கச்சி சொன்னதில் பாதி சரி. கனூவில் போவதில் விசர் ஒன்றும் இல்லை, திரும்பி வரும் இரவு எங்கே படுப்பது என்று தெரியாமல் போவதைத்தான் நான் அப்படிச் சொல்வேன்.

கூடாரம், துடுப்பு எல்லாம் பிறகு. வீட்டுக்காரர் "சொல்லிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்களே, தாளில் ஏதும் தந்தாரா? ஒன்ராறியோவில் தன் பிள்ளைக்கு இடம் வேண்டுமென்று குடியிருப்பவரை எழுப்புவதானால் என்12 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும், குறைந்தது 60 நாள் தவணை வேண்டும், அந்தத் தவணை வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும், அதோடு ஒரு மாத வாடகைக் காசை அவர் உங்களுக்குத் தர வேண்டும். வாசலில் நின்று சொன்ன சொல்லுக்கு 60 நாள் இன்னும் தொடங்கவே இல்லை. படிவம் வந்த பிறகும் அந்தத் திகதியில் நீங்கள் பெட்டி கட்டியே ஆகவேண்டும் என்றில்லை. அவர் லான்ட்லோட் அன்ட் ரெனன்ற் போர்ட்டுக்கு (வீட்டுக்காரர், குடியிருப்பவர் வழக்குகளைத் தீர்க்கும் சபை) போய்க் கட்டளை வாங்க வேண்டும், அந்தக் கட்டளையைக் கொண்டுவந்து உங்களை வெளியேற்றக்கூடியவர் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அலுவலர் மட்டும்தான். வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்ற முடியாது.

ஒரு இடக்கு இருக்கிறது. குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு அல்லது அவர் குடும்பத்தோடு பங்கிடுகிறீர்கள் என்றால் இந்தச் சட்டம் உங்களைக் காக்காது. எங்கள் ஆட்களின் பேஸ்மென்ற்றுகளில் இது சாதாரணம், "மேலே வந்து சமையுங்கோ" என்று அன்பாகச் சொல்லியிருப்பார்கள், பிறகு அதுவே வினையாகும். உங்களுக்குத் தனிக் குசினி, தனிக் குளியலறை என்றால் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி நிலையம் ஸ்காபரோவிலும் இருக்கிறது, 211 என்ற உதவித் தகவல் இலக்கத்தை அழைத்துக் கேளுங்கள், தமிழில் கதைக்க ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். நான் வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. 9 வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதர், மகனின் கலியாணம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நீங்களாகவே சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியேறி ஆற்றில் இறங்கினால், கிடைக்கவேண்டிய மாதங்களும் போச்சு, அந்த ஒரு மாத வாடகையும் போச்சு.

இப்போது யூக்கோன். அருமையான ஆறு, 700 கிலோமீட்டருக்கு மேல், நீரோட்டமே பாதி வேலையைச் செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் ரொறன்ரோவிலிருந்து வைற்ஹோர்ஸுக்குத் தெருவழி 5,000 கிலோமீட்டருக்கு மேல். கராஜில் இருக்கும் கனூவை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே வாடகைக்கு எடுக்க வேண்டும், டோசனிலிருந்து திரும்ப வேண்டும். 4,200 டொலரில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். புறப்பட்ட முதல் இரண்டாம் நாளிலேயே லபார்ஜ் ஏரி வரும், 50 கிலோமீட்டர் நீளம், காற்றுக்குப் பேர்போனது, கோடையிலும் குளிர்தண்ணீர். மனிரோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. கடுங்குளிர் தண்ணீரில் விழுந்தால் மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னதைக் கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். குருநகர்க் கடலில் கவிழ்ந்தால் பல இடங்களில் காலூன்றி நின்று சிரிக்கலாம். அந்தப் பழக்கத்தை நம்பி லபார்ஜில் தனியாக இறங்க வேண்டாம். அடுத்த வருடம் துணைக்கு ஒருவரோடு போங்கள்.

இந்த வருடத்துக்கு நான் சொல்வது ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழி. ஒன்ராறியோ ஏரியில் ட்ரென்ரனில் தொடங்கி ஜோர்ஜியன் குடாவில் போர்ட் செவேர்ன் வரை 386 கிலோமீட்டர். முழுவதும் வேண்டாம். உச்சியில் பால்சம் ஏரி இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 256 மீட்டர். மச்சானின் வானில் கனூவைக் கட்டிக்கொண்டு அங்கே போய் இறங்கி, ட்ரென்ரன் பக்கமாகக் கீழ்நோக்கி வாருங்கள். முழு வழியில் பாதிக்கு மேல் வந்துவிடும், பெரிய அலை அடிக்கும் சிம்கோ ஏரியும் தவிர்ந்துவிடும். ஃபெனலன் ஃபோல்ஸ், பொப்கேஜன், பீற்றர்பரோ, கம்பெல்ஃபோர்ட் என்று ஒன்றிரண்டு நாளுக்கொரு ஊர். ஊர் என்றால் நூலகம், நூலகம் என்றால் போனுக்கு மின்சாரம், வீடு தேட இணையம், மழைக்கு ஒதுங்க இடம். உங்கள் நிலையில் இருப்பவருக்குக் காட்டாற்றைவிட இது உதவும்.

வழியில் லொக்குகள் வரும், அதாவது படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றி இறக்கி அடுத்த மட்டத்துக்கு விடும் தொட்டிகள், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு லொக்கின் முன்னும் கரைச்சுவரில் ஒரு துண்டு நீல நிறத்தில் கோடடித்திருக்கும். அங்கே கனூவை நிறுத்தினால் "நான் உள்ளே வரப்போகிறேன்" என்று அர்த்தம். கதவு திறந்ததும், பெரிய மோட்டார் படகுகளை முன்னே விட்டுவிட்டு ஓரமாகப் போங்கள். உள்ளே சுவரோடு மேலிருந்து கீழே கறுப்புக் கம்பிவடங்கள் தொங்கும், உங்கள் கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருங்கள், முடிச்சுப் போடவே கூடாது. தண்ணீர் கீழே இறங்கும்போது முடிச்சுப் போட்ட வள்ளம் சுவரில் தொங்கிப்போகும். முதல்முறை நான் முடிச்சுப் போட்டேன். மேலே நின்ற பெண் பிள்ளை ஓடிவந்து கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. பீற்றர்பரோவில் இருக்கும் லொக் வேறு ரகம், 1904 இல் திறந்தது. இரண்டு பெரிய தொட்டிகள் தராசுத் தட்டு மாதிரி, மேலே நிற்கும் தொட்டியில் ஒரு அடித் தண்ணீர் கூட விடுவார்கள், அந்தப் பாரத்தில் அது இறங்கும், மற்றது ஏறும். 19.8 மீட்டர். கனூவில் குந்தியிருந்தபடி ஊரைப் பார்த்துக்கொண்டு இறங்கலாம். லொக் ஓரங்களிலேயே பல இடங்களில் காசு கட்டிக் கூடாரம் போடலாம், முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் வரும் றைஸ் லேக்கில் மட்டும் கவனம். ஆழமில்லாத ஏரி, காற்று எழும்பினால் குறுகிய செங்குத்து அலை. நான் ஒருமுறை பதினொரு மணிக்குச் சாவகாசமாகப் புறப்பட்டு, ஒரு தீவில் ஒதுங்கி, பின்னேரம் வரை நுளம்புக்கு இரத்த தானம் செய்தேன். விடிய ஐந்து மணிக்கு இறங்கி பத்து மணிக்குள் கரை சேருங்கள். தனியாள், பாரத்தோடு, ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள், அதற்கு மேல் போனால் இலாபம்.

மாமாவின் வள்ளத்தில் நின்று கோலூன்றியிருப்பீர்கள். கனூவில் நிற்கக்கூடாது, முழங்காலைத் தட்டில் ஊன்றி இருங்கள், பாரமான பொதி நடுவில், தாழ. போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை முழுச் சாமானோடு கரையோரம் இறங்கி, வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். எது நனைந்தது என்று அப்போது தெரியும். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று, விசில், தண்ணீர் இறைக்கும் கோப்பை, 15 மீட்டர் மிதக்கும் கயிறு, இவை படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கியைப் பொதிக்குள் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படங்கு, அது கூடாரத்தைவிட வேலை செய்யும். சாப்பாட்டுக்குக் கடையில் விற்கும் உலர்சாப்பாட்டுப் பைக்கற்றுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், தங்கச்சியிடம் பொரிவிளாங்காய் கேளுங்கள் (கோபம் ஆறியிருந்தால்), புழுக்கொடியல், வறுத்த அரிசிமா, பருப்பு, மாசிச் சம்பல் ஒரு போத்தல். இராத்திரியில் எல்லாவற்றையும் கூடாரத்துக்கு வெளியே தள்ளி மரத்தில் கட்டித் தூக்குங்கள், கறுப்புக் கரடி இருக்கிற இடம், மாசி வாசம் அதற்கும் பிடிக்கும். குளிசையை இரண்டாகப் பிரித்து இரண்டு பொதியில் வையுங்கள், ஒன்று தண்ணீரில் போனாலும் மற்றது இருக்கும். நாள் முழுக்க வலித்தால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம், சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் வேண்டும், போவதற்கு முன் மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள்.

பத்திரங்கள். இதில் எனக்குச் சொந்த அடி இருக்கிறது. கனடா வந்த மூன்றாம் வருடம் வீடு மாறும் இடைவெளியில் என் பெட்டியை ஒருவரின் கராஜில் விட்டேன். பனி உருகித் தண்ணீர் வந்து லாண்டட் பேப்பரும் (கனடாவில் நிரந்தரமாக இருக்கத் தந்த பத்திரம்) பிறப்புச் சான்றிதழும் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமாகிவிட்டன. எல்லாவற்றையும் படம் எடுத்து மின்னஞ்சலில் போடுங்கள், அசலைத் தங்கச்சி வீட்டு அலுமாரியில் வையுங்கள், கராஜில் வேண்டாம். போன் நம்பரை வெட்டிவிடாதீர்கள், ஆகக் குறைந்த பிளானுக்கு மாற்றுங்கள். வங்கியின் இரகசிய எண்ணும் வீடு காட்டுபவரின் அழைப்பும் அந்த நம்பருக்குத்தான் வரும்.

காசு. 4,200 இல் 3,000 ஐ இன்றைக்கே தங்கச்சியிடம் கொடுத்துவிடுங்கள், புது வீட்டுக்கு முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்பணமாகக் கட்டத் தொடக்கம் அது. வாடகைக்குத் தடுமாறுபவர்களுக்கு உதவும் ரொறன்ரோ ரென்ற் பாங்கில் முன்பணத்துக்கு உதவி கேட்கலாம், விண்ணப்பத்தைப் போகும் முன் போடுங்கள். மிச்சம் 1,200 இல் பயணம். வீட்டு விஷயம் எழுத்தில் முடிந்து, திரும்பி வரும் திகதியும் அன்றிரவு படுக்கும் இடமும் (மச்சானின் சோபாவாக இருந்தாலும் சரி) தீர்மானமான பிறகு கனூவை வெளியே எடுங்கள். அந்தத் திகதி செப்டெம்பரைத் தாண்ட வேண்டாம். ஒக்டோபர் நடுவில் லொக்குகளை மூடிவிடுவார்கள், அந்த நேரத்தில் நகரத்துத் தங்குமிடங்களில் கட்டில் கேட்டு நிற்கும் வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: கிரவுன் லாண்டில் (அரச காணியில்) இலவசமாகக் கூடாரம் போடலாமாமே. வாடகை வீட்டை விட்டுவிட்டு மே முதல் ஒக்டோபர் வரை கனூவிலேயே இருந்தால் என்ன? ஈ.ஐ. (வேலையிழந்தோர் காப்புறுதி) காசும் வருகிறது.
ஒரு வாசகர், பரி

பதில்: போடலாம். ஒன்ராறியோவில் கனடாவாசி ஒருவர் ஒரே இடத்தில் வருடத்துக்கு 21 நாள் வரை இருக்கலாம், பிறகு நகர வேண்டும். ஆனால் கிரவுன் லாண்ட் இருப்பது பெரும்பாலும் வடக்கே. ரொறன்ரோவுக்குக் கிட்ட ஏரிக்கரை எல்லாம் தனியார் கொட்டேஜ், கரையில் கால் வைத்தால் நாய் வரும். ஈ.ஐ. விஷயத்தில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்கும்போது வேலைக்கு ஆயத்தமாக இருந்தேனா என்று கேட்பார்கள். சிக்னல் இல்லாத தீவில் இருந்துகொண்டு ஆம் என்று எழுதினால் அது பொய், பிறகு காசைத் திருப்பிக் கேட்பார்கள். போன நாட்களை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீடில்லாமல் போன என் தம்பி தன் கனூவை எங்கள் பல்கனியில் கட்டிவைத்துவிட்டுப் பயணம் போக ஆயத்தம் பண்ணுகிறான். கடிதங்களுக்கு என் முகவரியைக் கொடுக்கட்டுமா என்கிறான். எங்களுடையது அரச உதவி வீடு. எனக்குச் சிக்கல் வருமா அண்ணா?
ஒரு அக்கா, மார்க்கம்

பதில்: கடிதம் வருவது மட்டும் என்றால் பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் உதவி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்தே உங்கள் வாடகையைக் கணக்கிடுகிறார்கள். தம்பியின் பெயரில் உத்தியோகக் கடிதங்கள் வரத் தொடங்கினால் அவன் அங்கே குடியிருக்கிறான் என்று யாரும் நினைக்கலாம். அவன் போகும் முன்பே வீட்டு அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: தம்பி இங்கே வசிக்கவில்லை, தபாலுக்கு மட்டும் முகவரி தருகிறேன் என்று. பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்தால் உறையைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்புங்கள், வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல், வருமான வரி என்று ஏதாவது இருந்தால் அவன் கரையில் இறங்கும் ஊரிலிருந்து அழைத்துப் பதில் சொல்லட்டும். கனூவைப் பற்றிக் கட்டடக் காவலாளி கேட்டால் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்காதீர்கள், அதைக் கட்டியவன் அவன்.